கட்சிக்காரரிடம் எதை எழுதிக் கொடுப்பது, எதை நேரில் சொல்வது? தனியாக அலுவலகம் தொடங்கியவரின் கேள்விகள்

புதுவக்காலத்து:

வணக்கம். தாலுகா ஊர். முன்சீப் கோர்ட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் ஒரே வளாகத்தில். சீனியர் வக்கீலிடமிருந்து வெளியே வந்து தனியாக அலுவலகம் போட்டிருக்கிறேன். கையில் 40 கட்டுகள் (வழக்குக் கோப்புகள்). பாதிக்கு மேல் பாகப்பிரிவினையும் நிரந்தர உறுத்துக்கட்டளையும். மீதி செக் கேஸ் (வங்கியில் பணமாகாமல் திரும்பிய காசோலை), கொஞ்சம் குடும்பநலம். குமாஸ்தா ஒருவர் இருக்கிறார், ஜூனியர் இல்லை.

சட்டத்தைத் தேடிப் படித்துக்கொள்ள முடிகிறது. ஆளோடு பேசுவதில்தான் தடுமாறுகிறேன். வாய்தா அன்று பகல் முழுக்க போன். வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடக் குரல் பதிவுகள். கேஸ் பலவீனமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது, எந்த நேரத்தில் சொல்வது? பணம் கட்டுவது அண்ணன், வழக்கு தங்கை பெயரில்; யார் சொல்வதைக் கேட்பது? எதிர்த்தரப்பு ஆள் நேராக என் நம்பருக்கே கூப்பிட்டு 'பேசி முடிச்சுக்கலாமா' என்கிறார். பழைய வக்கீலிடமிருந்து கட்டு வாங்கி வர வேண்டிய கேஸ்கள் இரண்டு உள்ளன.

பொதுவான அறிவுரை வேண்டாம். உங்கள் அலுவலகங்களில் நடைமுறையில் இருக்கும் முறைகளைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மேலமாசி:

வாழ்த்துகள்ம்மா. சிவில் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதல் சந்திப்புக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் பத்து நிமிடம் அவர் பேசட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள். மூன்றாவது நிமிடத்திலேயே 'பத்திரம் இருக்கா?' என்று கேட்டுவிட்டால், அவர் நம் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆளாக மாறிவிடுவார். தன் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார். அவர் பேசி முடித்தபின் தாளை எடுங்கள். பாகப்பிரிவினை என்றால் முதலில் வம்சாவளி. தாத்தாவில் தொடங்கி, இறந்தவர்கள் இறந்த ஆண்டு, பெண் பிள்ளைகள், இரண்டாம் தாரம் எல்லாம் அதில் வர வேண்டும். மகள்களின் பெயரைச் சொல்லாமல் விடுவது நம் ஊரில் சகஜம். 'கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு, அவங்களுக்கு என்ன' என்பார்கள். பங்குரிமை உள்ள ஒருவரைச் சேர்க்காமல் விட்டால் தேவையான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்ற ஆட்சேபனையிலேயே வழக்கு திணறும். ஆகவே 'அண்ணன் தம்பி எத்தனை பேர்' என்று கேட்காதீர்கள். 'உங்க அம்மாவுக்கு மொத்தம் எத்தனை குழந்தைகள், தவறிப்போனவங்களையும் சேர்த்து' என்று கேளுங்கள்.

அடுத்து மூன்று கேள்விகளை ஒருபோதும் விடாதீர்கள். இந்தச் சொத்தைப் பற்றி முன்பு எந்தக் கோர்ட்டிலாவது வழக்கு நடந்ததா? நோட்டீஸ் ஏதாவது வந்ததா, நீங்கள் பதில் அனுப்பினீர்களா? உங்களைப் பற்றி எதிராளி என்ன சொல்லுவார்? இந்த மூன்றாவதற்கு வரும் பதில்தான் நாளைக்கு எதிருரையாக (எதிராளி கோர்ட்டில் தரும் எழுத்துப் பதில்) நம் கைக்கு வரும். அதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

மூலப்பத்திரத்தை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்ய அசல் வாங்கினால் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், பக்க எண்ணிக்கை எழுதி இரண்டு பிரதியில் கையெழுத்துப் போட்டு ஒன்றை அவரிடம் கொடுங்கள். வெற்று வக்காலத்திலும் (வக்கீலை நியமிக்கும் படிவம்) வெள்ளைத்தாளிலும் கையெழுத்து வாங்கி வைப்பது பல அலுவலகங்களில் வழக்கம். அதை உங்கள் அலுவலகத்தில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

வழக்குரையை (வாதி கோர்ட்டில் தரும் மனு) ஆங்கிலத்தில் தயாரித்திருந்தால் கையெழுத்துக்கு முன் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகும், ஆனாலும் செய்தே ஆக வேண்டும். குறுக்கு விசாரணையில் 'வழக்குரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 'வக்கீல் எழுதினாரு, எனக்குத் தெரியாது' என்று வாதி சொல்லிவிட்டால் அதன் பிறகு நீங்கள் என்ன வாதாடினாலும் அந்த ஒரு வரி சாட்சியத்தில் நிற்கும். நிரூபண வாக்குமூலத்துக்கும் (சாட்சி எழுத்தில் தரும் பிரமாண வாக்குமூலம்) இதே கதைதான். படித்துக் காட்டுவது உங்கள் கடமை. பதிலைச் சொல்லிக்கொடுப்பது தவறு. 'தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், கேள்வி முடியும் வரை பொறுங்கள்', இவ்வளவு போதும்.

சொற்களால் வரும் குழப்பத்தையும் கவனியுங்கள். நம் கட்சிக்காரர்களுக்கு எல்லாமே 'ஸ்டே'. எதிராளி நிலத்துக்குள் வராமல் தடுப்பது உறுத்துக்கட்டளை. ஒரு உத்தரவையோ நடவடிக்கையையோ நிறுத்தி வைப்பது தடையாணை. இதை விளக்காமல் விட்டால் இடைக்கால உறுத்துக்கட்டளைத் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டா மாறுதலை நிறுத்தச் சொல்லித் தாலுகா ஆபீஸில் சண்டை போடுவார். அதைவிடப் பெரிய குழப்பம் பாகப்பிரிவினையில் வரும். முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததும் 'கேஸ் ஜெயிச்சாச்சு' என்று ஊருக்குப் போய்விடுவார்கள். அது பங்கு எவ்வளவு என்று சொல்வது மட்டும்தான். இறுதித் தீர்ப்பாணைக்கு மனு, ஆணையர் நிலத்தை அளந்து பிரித்து அறிக்கை, அதற்கு ஆட்சேபனை, பிறகு இறுதித் தீர்ப்பாணை, அதன்பின் சுவாதீனத்துக்கு (நிலத்தைக் கையில் பெற) நிறைவேற்று மனு. இந்தப் படிகளை முதல் நாளே ஒரு தாளில் வரைந்து கொடுங்கள். 'எத்தனை வருஷம் ஆகும்' என்ற கேள்விக்கும் அந்தத் தாள்தான் நேர்மையான பதில்.

கேஸ் பலவீனத்தைச் சொல்வது பற்றிக் கேட்டீர்கள். வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். பணம் வாங்கியபின் சொன்னால் ஏமாற்றியது போலத் தோன்றும். 'ஜெயிக்கலாம்', 'கஷ்டம்', '60 சதவீதம்' என்றெல்லாம் சொல்லக்கூடாது. அவர் காதில் 60 என்பது 100 என்றே விழும். நாம் எதை நிரூபிக்க வேண்டும், அதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். உதாரணமாக, 1990-களில் எழுதிய பதிவாகாத பாகப்பத்திரம் ஒன்றை மட்டும் நம்பி வருகிறார் என்று வையுங்கள்: 'இந்தப் பத்திரம் பதிவாகவில்லை. சொத்து இப்படித்தான் பிரிந்தது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. யார் எந்தப் பகுதியை அனுபவிக்கிறார்கள் என்பதற்குத் துணையாகக் காட்டப் பார்க்கலாம். அதற்கும் முத்திரைத் தீர்வையும் அபராதமும் கட்ட வேண்டும். தனித்தனியாகக் கிஸ்தி கட்டிய ரசீது, தனிப் பட்டா, மின் இணைப்பு இருக்கிறதா? இருந்தால் கொண்டு வாங்க, பேசுவோம்.' இப்படிச் சொன்னால் அவர் மனம் உடைந்து போகமாட்டார். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ரசீது தேடுவார்.

---

கட்டுக்கணக்கு:

வணக்கம் மேடம். நான் வக்கீல் குமாஸ்தா. வாய்தா, போன், வாட்ஸ்அப் இந்த மூன்றையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கட்சிக்காரர் பகலில் பத்து தடவை கூப்பிடுவது ஏன் தெரியுமா? சாயங்காலம் யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்குப் பழகிவிட்டது. வாய்தா அன்று மாலை 7 மணிக்குள் தகவல் வரும் என்று ஒரு மாதம் விடாமல் செய்து காட்டினால் பகல் போன் தானாகக் குறையும். தகவல் எல்லோருக்கும் ஒரே வடிவத்தில் போக வேண்டும். மாதிரி:

'அசல் வழக்கு (அ.வ.) 112, முன்சீப் கோர்ட். இன்று: பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்தார். அடுத்த வாய்தா: 18-ந் தேதி, எழுவினாக்கள் (கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனைய. அன்று நீங்கள் வர வேண்டாம். செய்ய வேண்டியது: 12-ந் தேதி மாலை 6 மணிக்கு அலுவலகம் வந்து எதிருரையைப் படித்துக் கேட்கவும்.'

'வர வேண்டாம்' அல்லது 'கட்டாயம் வர வேண்டும்' என்ற வரி இல்லாமல் எந்தத் தகவலும் போகக்கூடாது. அது இல்லாவிட்டால் ஒருவர் கூலி வேலையை விட்டுவிட்டு 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து மதியம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் வராமலே இருந்துவிடுவார்.

வழக்கு எண்ணோடு சி.என்.ஆர். எண்ணையும் (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) எழுதிக் கொடுங்கள். எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கம், நம் மாநில வழக்குகளுக்கு 'டி.என்.' என்று தொடங்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதியும் நிலையும் அவரே பார்த்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் காட்டிக் கொடுங்கள். ஆனால் இணையத்தில் தேதி ஏறத் தாமதமாவதும் உண்டு, தவறாக ஏறுவதும் உண்டு. நாம் சொல்லும் தேதி கோர்ட்டு டைரியில் சரிபார்த்த தேதியாக இருக்க வேண்டும். தாக்கல் செய்யும்போது கட்சிக்காரர் கைப்பேசி எண்ணையும் பதிந்துவிடுங்கள். பல அலுவலகங்களில் வக்கீல் எண்ணை மட்டும் போடுகிறார்கள்.

போனுக்கு நேரம் வையுங்கள்: மாலை 6 முதல் 8. கோர்ட் நேரத்தில் கூப்பிடலாம் என்று சொல்ல வேண்டிய அவசரங்கள் எவை என்று பட்டியலாக அச்சடித்து வக்காலத்துக் கையெழுத்து வாங்கும் அன்றே கையில் கொடுங்கள். போலீஸ் கூப்பிட்டால், நிலத்தில் ஜேசிபி இறங்கினால், சம்மனோ வாரண்டோ நோட்டீஸோ வந்தால், சொத்தை யாராவது விற்பதாகத் தெரிந்தால்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: வாதி பிரதிவாதி யாராவது இறந்துவிட்டால். பங்காளி செத்துப் போனார் என்பது கட்சிக்காரருக்குத் துக்கச் செய்தி, வழக்குச் செய்தி இல்லை. அதனால் நமக்குச் சொல்ல அவருக்குத் தோன்றாது. இறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். தவறினால் இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை ரத்து செய்யக் கேட்க மேலும் 60 நாள். அதுவும் போனால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, அதற்கு எதிர்மனு என்று ஒரு வருடம் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்சிக்காரருக்கும் 'உங்கள் வழக்கில் உள்ள யாராவது இறந்துவிட்டார்களா, முகவரி மாறியதா' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். குமாஸ்தாவே அனுப்பலாம்.

குரல் பதிவுக்கு எங்கள் அலுவலக முறை: கேட்டுவிட்டு இரண்டு வரியில் 'நீங்கள் சொன்னது இது, சரியா' என்று எழுத்தில் திருப்பி அனுப்புவோம். அவர் 'சரி' என்று போட்டால் கட்டில் அச்செடுத்துச் சேர்ப்போம். பத்திரத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்து சர்வே எண்ணில் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும். பிடிஎஃப் ஆக, 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்புப் பெயரில் பத்திர எண்ணும் ஆண்டும் இருக்கட்டும்.

---

பொருநை:

கட்டுக்கணக்கு சொன்னதில் ஒரே இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு. வாய்தா தகவலுக்கு வாட்ஸ்அப் சரி. ஆலோசனைக்கு வேண்டாம். கேஸின் பலம், பலவீனம், எதிராளியிடம் என்ன கேட்கலாம் போன்றவற்றை நேரில் பேசுங்கள். எழுத வேண்டும் என்றால் அவருடைய தனி மின்னஞ்சலுக்கோ மூடிய கவரிலோ.

காரணம் இதுதான். வழக்கறிஞர் - கட்சிக்காரர் உரையாடலுக்குப் பாதுகாப்பு உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் 126 முதல் 129 வரையிலான பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132 முதல் 134 வரை. அந்தப் பாதுகாப்பு உங்கள் குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. ஆனால் சட்டவிரோத நோக்கத்துக்காக நடந்த உரையாடலுக்கு அது பொருந்தாது. ஒரு குற்றத்தையோ மோசடியையோ எப்படிச் செய்வது என்று கேட்டால் அது இரகசியமாகாது என்பதைக் கட்சிக்காரரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடலாம்.

நடைமுறையில் இரகசியம் வெளியே போவது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவால்தான். பாகப்பிரிவினையில் நான்கு வாதிகள் என்றால் 'நம்ம கேஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்து அதில் வக்கீலையும் சேர்த்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் ஒருவர் எதிர்த்தரப்போடு பேசித் தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். நீங்கள் எழுதியதெல்லாம் அவர் கைப்பேசியில் இருக்கும். குழுவில் சேர்த்தால் தேதியை மட்டும் போடுங்கள். நான்கு பேரின் நலனும் முரண்படத் தொடங்கும் நாளில், எல்லோருக்காகவும் தொடர்ந்து ஆஜராக முடியுமா என்று உட்கார்ந்து யோசியுங்கள்.

சமரசம் பற்றி. எதிர்த்தரப்பு ஆள் நேராகக் கூப்பிட்டால் ஒரே பதில்: 'உங்க வக்கீல் மூலமா வாங்க சார், நான் உங்ககிட்ட கேஸ் பத்திப் பேசக் கூடாது.' இந்திய பார் கவுன்சில் நடத்தை விதிகளில் 34-ஆவது விதி இது. அன்று மாலையே அவருடைய வக்கீலுக்குத் தகவல் சொல்லுங்கள், உங்கள் கட்சிக்காரருக்கும் சொல்லுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால், 'எதிராளி எங்க வக்கீல்கிட்ட பேசிட்டேன்னு டீக்கடையில சொல்றான்' என்று அவர் வேறு வழியில் கேள்விப்படுவார். போன நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது கடினம்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தொகையைச் சொன்னால் அது உங்களுக்கு அற்பமாகத் தோன்றினாலும் கட்சிக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும். தேதி, தொகை, நிபந்தனை, கட்சிக்காரரின் பதில் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக் கட்டில் வையுங்கள். கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்கும் வாக்குறுதி எதையும் வக்கீல் கோர்ட்டில் தரக்கூடாது என்பதை 2015-இல் ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீதிபதி 'என்ன, முடிச்சுக்கலாமா?' என்று கேட்கும்போது 'கட்சிக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

சமரசம் பேசும்போது பலர் சொல்ல மறக்கும் ஒரு தகவல் கோர்ட் கட்டணம். தமிழ்நாட்டில் 2017-இல் அது ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. 20 லட்ச ரூபாய்க்குப் பண வசூல் வழக்கு என்றால் இன்று 60,000 ரூபாய். சமரசத்தில் முடிந்தால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69-அ பிரிவின்படி அதைத் திரும்பப் பெறலாம். கோர்ட் அனுப்பி வைக்காமல் தரப்பினர் தாங்களே வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் திரும்பக் கிடைக்கும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில். 'விட்டுக்கொடுக்கிற தொகையில 60,000 திரும்பி வருது' என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பேச்சு நகரும்.

---

நூற்றுமுப்பத்தெட்டு:

செக் கேஸில் பேச்சு என்பது முழுக்கத் தேதிதான். சட்டத்தில் உள்ளபடி '30 நாள், 15 நாள், ஒரு மாதம்' என்று சொன்னால் கட்சிக்காரருக்குப் புரியாது. காலண்டர் தேதியாக எழுதிக் கொடுங்கள்.

செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்தது ஏப்ரல் 5 என்றால் நோட்டீஸ் அனுப்பக் கடைசி நாள் மே 5. எதிரி அதை மே 9-இல் வாங்கினார் என்றால் மே 24 வரை பணம் கொடுக்க அவகாசம். அதன்பின் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய ஒரு மாதம். ஜூன் 24-ஐக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரருக்குக் கொடுக்கும் தாளில் இரண்டு தேதிகளைத் தனித்தனியே எழுதுங்கள்: 'சட்டப்படி கடைசி நாள் ஜூன் 24. அசல் செக், வங்கி மெமோ, தபால் ரசீது, ஒப்புகை அட்டையோடு நீங்கள் அலுவலகம் வர வேண்டிய நாள் ஜூன் 5.' கடைசி நாளை மட்டும் சொன்னால் அன்று மாலை 4 மணிக்கு ஒப்புகை அட்டை இல்லாமல் வந்து நிற்பார்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியது: வங்கி மெமோவில் உள்ள தேதி வேறு, தகவல் உங்கள் கைக்கு வந்த தேதி வேறா? குறுஞ்செய்தி முன்பே வந்ததா? செக் போட்டபின் கொஞ்சம் பணம் திரும்பி வந்ததா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, விசாரணையில் வங்கிக் கணக்கு அறிக்கை வந்ததும் ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. 'கணக்கு அறிக்கையைக் கொண்டு வாங்க, செக் தேதிக்கு ஓராண்டு முன்னாடியிலிருந்து' என்று கேட்டுவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை.

நோட்டீஸும் ஒரு வகையில் எதிர்த்தரப்போடு நாம் பேசும் பேச்சுதான். செக் தொகையைத் தனி வரியில், எண்ணாலும் எழுத்தாலும், செக்கில் உள்ளது போலவே கேளுங்கள். வட்டி, நோட்டீஸ் செலவு இவற்றை அதோடு கூட்டி ஒரே தொகையாக எழுதினால் எதிரி வக்கீலுக்கு ஒரு வாதம் கையில் கிடைக்கும். மிரட்டல், வசை, 'கம்பி எண்ண வைப்பேன்' போன்ற வரிகளை எழுதச் சொல்லிக் கட்சிக்காரர் கெஞ்சுவார். எழுதாதீர்கள். பின்னாளில் மாஜிஸ்திரேட் அதைப் படிப்பார்.

---

ஆலமரத்தடி:

குடும்பநலம் பற்றியும் 'யார் கட்சிக்காரர்' என்பது பற்றியும் சொல்கிறேன் மேடம்.

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் கட்சிக்காரர். கட்சிக்காரரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ அல்லாத வேறு ஆள் சொல்வதைக் கேட்டு நடக்கக்கூடாது என்று நடத்தை விதிகளின் 19-ஆவது விதி சொல்கிறது. ஆனால் அண்ணன் பணம் கட்டுகிறார், முகத்தில் அடித்தாற்போல் வெளியே போகச் சொல்ல முடியாது. இப்படிச் செய்யுங்கள்: முதலில் அண்ணன், அம்மா, மாமா எல்லோரையும் உட்காரவைத்து 15 நிமிடம் கேளுங்கள். பிறகு 'கோர்ட்டில அவங்கதான் சாட்சி சொல்லணும், அவங்ககிட்ட மட்டும் பேசணும், நீங்க வெளியே இருங்கண்ணே' என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, யாருக்கும் வருத்தம் வராது. தனியாக இருக்கும்போது இரண்டு கேள்விகள்: உங்களுக்கு என்ன வேண்டும்? விவாகரத்தா, சேர்ந்து வாழவா, ஜீவனாம்சமா, பிள்ளையா? இவர்கள் முன்னால் சொல்லாத விஷயம் ஏதாவது உண்டா? குடும்பம் விவாகரத்து கேட்டு வந்திருக்கும், அந்தப் பெண்ணின் மனதில் வேறு இருக்கும். இதை மனு தயாரான பிறகு கண்டுபிடித்தால் எல்லோருக்கும் நஷ்டம்.

எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் தகவல் அனுப்பலாம் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கணவன் வீட்டில் இன்னும் இருப்பவர் என்றால் கைப்பேசித் திரையில் 'வக்கீல் அலுவலகம்' என்று தகவல் வருவதே ஆபத்தாகலாம்.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஒரு விஷயத்தை இரு பக்கமும் புரியவைக்க வேண்டும். முதல் மனுவில் கையெழுத்துப் போட்டதோடு முடிந்துவிடாது. இரண்டாவது நிலை வரை இருவர் சம்மதமும் நீடிக்க வேண்டும். இடையில் உள்ள ஆறு மாதக் காத்திருப்பை உரிய வழக்குகளில் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'கட்டாயம் தள்ளுபடி ஆகும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நகை, சீர்வரிசைப் பொருட்கள், நிலுவைத் தொகை எப்போது கைமாறும் என்பதைத் தேதியோடு எழுதிவிடுங்கள். 'பேசினபடி' என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கும் இருக்கக்கூடாது.

---

புதுவக்காலத்து:

அனைவருக்கும் மிக்க நன்றி. அவசரப் பட்டியலையும் மாலைத் தகவல் மாதிரியையும் இன்றே அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். இன்னும் மூன்று கேள்விகள். பீஸ் எப்படிப் பேசுவது? பழைய வக்கீலிடம் கட்டு வாங்குவது எப்படி? வழக்கு தோற்றாலோ, நம் அலுவலகத் தவறால் ஆஜராகாமல் போய் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிட்டாலோ அதை எப்படிச் சொல்வது?

---

மேலமாசி:

பீஸை முதல் நாளே பேசிவிடுங்கள். பீஸ் வேறு, செலவு வேறு என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். கோர்ட் கட்டணம், சம்மன் கட்டணம், ஆணையர் கட்டணம், நகல் செலவு, தட்டச்சு இவையெல்லாம் செலவு, ரசீது உண்டு. பீஸைக் கட்டங்களாகப் பிரியுங்கள்: தாக்கல், எதிருரை வந்தபின், சாட்சி தொடங்கும்போது, வாதத்துக்கு முன். மேல்முறையீடும் நிறைவேற்று மனுவும் இதில் சேராது என்று ஒரு வரி எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். 'ஜெயிச்சா சொத்துல இவ்வளவு' என்ற பேச்சுக்கே இடம் தரக்கூடாது, நடத்தை விதிகளின் 20-ஆவது விதி தடுக்கிறது. கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைப்பதும் விதிப்படி கடமைதான்.

கட்டு மாற்றுவது பற்றி. முதலில் நீங்களே அந்த வக்கீலுக்குப் போன் செய்யுங்கள், கட்சிக்காரரை அனுப்பாதீர்கள். 'சார், உங்க கட்சிக்காரர் என்கிட்ட வந்திருக்கார், உங்க சம்மதம் இல்லாம வக்காலத்து போட மாட்டேன். பீஸ் பாக்கி ஏதாவது இருக்கா?' என்று கேளுங்கள். பாக்கி இருந்தால் கட்சிக்காரரிடம் சொல்லித் தீர்த்துவிட்டு, ஆட்சேபனையின்மைக் கையெழுத்து வாங்குங்கள். 39-ஆவது விதி கேட்பது இதைத்தான். சம்மதம் மறுத்தால் காரணத்தை எழுதிக் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை முதல் போனிலேயே எடுத்து வீசாதீர்கள்; ஒரே பார் சங்கத்தில் இன்னும் முப்பது வருடம் சேர்ந்து உட்காரப் போகிறீர்கள். கட்டு வந்ததும் தாள்களை எண்ணி, என்னென்ன வந்தது என்று பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வாய்தா கேட்பதும் அப்படித்தான். உங்களுக்கு முடியாத நாள் என்றால் முதல் நாள் மாலைக்குள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சொல்லுங்கள். அவர் சாட்சியை வெளியூரிலிருந்து வரவழைத்திருக்கலாம். அவரிடம் சொன்ன அதே காரணத்தையே நீதிபதியிடமும் சொல்லுங்கள்.

---

பொருநை:

தோல்வியைச் சொல்வது: தீர்ப்பு வந்த அன்றே நீங்களே போனில் சொல்லுங்கள், குமாஸ்தா மூலம் வேண்டாம். போனில் முடிவை மட்டும் சொல்லி, இரண்டு நாளில் நேரில் வரச் சொல்லுங்கள். அன்றே தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள், அவர் மேல்முறையீடு செய்வாரா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு மேல்முறையீட்டுக் காலம் 30 நாள். நகலுக்கு ஆன நாட்கள் கழியும், ஆனால் மனுப் போட்ட நாளிலிருந்துதான். உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது என்றால் 90 நாள். நேரில் வரும்போது ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்த எழுவினாவில் தோற்றோம், நீதிபதி சொன்ன காரணம், மேல்முறையீட்டில் அதற்கு என்ன சொல்ல முடியும், செலவு எவ்வளவு, கடைசித் தேதி எது, என் கருத்து என்ன. இந்தக் கடைசி வரியைத் தவிர்க்காதீர்கள். 'போடலாம், உங்க இஷ்டம்' என்பதைக் கேட்கவா அவர் பஸ் ஏறி வருகிறார்?

சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உள்ள வக்கீலுக்கு அனுப்பும்போது சான்றிட்ட தீர்ப்பு, தீர்ப்பாணை, வழக்குரை, எதிருரை, சாட்சியம், சான்றாவணப் பட்டியல் எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தாள் வையுங்கள். அதில் தீர்ப்புத் தேதி, நகல் மனுத் தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி இருக்கட்டும். அங்கே அவர் முதலில் தேடுவது காலவரம்புக் கணக்கைத்தான்.

உங்கள் தவறால் ஒருதலைப்பட்சமானால் மறைக்காதீர்கள். தீர்ப்பாணைத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ரத்து மனு போட வேண்டும். மறைத்தால் அந்த 30 நாள் ஓடிவிடும், தாமத மன்னிப்புக்குப் பொய்க் காரணம் எழுத வேண்டி வரும், அதில் கையெழுத்துப் போடுவது கட்சிக்காரர். அன்றே கூப்பிட்டு 'வாய்தா தேதியை நாங்கள் தவறாகக் குறித்துவிட்டோம், ரத்து மனுச் செலவு எங்களுடையது, நானே பிரமாணப் பத்திரம் தருகிறேன்' என்று சொல்லுங்கள். வக்கீலின் தவறுக்காக அப்பாவிக் கட்சிக்காரர் தண்டிக்கப்படக் கூடாது என்று 1981-இல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் எல்லா மனுவிலும் அதை மட்டும் எழுதினால் கோர்ட் ஏற்காது. டைரியின் அந்தப் பக்கத்தின் நகல், தேதி மாறிய விவரம் இருந்தால் மனு நிற்கும். வேறு வக்கீலிடம் போக விரும்பினால் கட்டைத் தருவதாகவும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள்.

---

கட்டுக்கணக்கு:

அந்தத் தவறு வராமல் இருக்க ஒன்று. வாய்தா தேதியை இரண்டு பேர் இரண்டு டைரியில் எழுதுங்கள், கோர்ட் ஹாலிலேயே. வெள்ளிக்கிழமை மாலை இரண்டையும் அடுத்த வாரத்துக்கு ஒப்பிட்டுப் படியுங்கள், ஒருவர் வாசிக்க மற்றவர் குறியிட. 40 கட்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது மேடம். இ-கோர்ட்ஸ் பட்டியலையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று மாறினாலும் திங்கள் காலை முதல் வேலையாகக் கோர்ட் கிளார்க்கிடம் போய்ப் பார்த்துவிடலாம்.